இறுக்கம் என்னும் லட்சணம்

புதுச் செருப்பு காலைக் கடித்தால் அதற்கு விளக்கெண்ணெய் தடவி, ஓர் இரவு முழுதும் திண்ணையோரத்தில் ஊறவைத்து, மறுநாள் தெருவில் நாலு நடை நடந்து பழக்குவது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வைத்தியம். தோல் எண்ணெய் குடிக்க வேண்டும், குடித்த தோல் இளக வேண்டும், இளகிய தோலே நமக்கு அடங்கிய தோல் என்பது நாம் பாடப் புஸ்தகத்தில் படிக்காமல் பாதங்களால் கற்றுக்கொண்ட ஞானம். அந்த ஞானத்தைக் கடல் கடந்தும் கைவிடாமல் காப்பாற்றி வருகிறவன், அமெரிக்கப் பிரஜையாகி டெக்ஸாஸ் ராஜ்யத்தின் எல் பாஸோ நகரில் குடியிருக்கும் என் சிற்றப்பா மகன். சட்டப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, அதை இடுப்பில் தரிப்பதற்கென்று கைவேலையாகச் செய்த தோல் உறை ஒன்றுக்குச் சொல்லிவைத்து, நாலு மாதம் காத்திருந்து அது வந்து சேர்ந்த அன்று அவன் என்னை டெலிபோனில் அழைத்தான்.

"அண்ணா, உள்ளே போவதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, போனால் வெளியே வரமாட்டேன் என்கிறது. அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எதற்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்."

எண்ணெய் தன் வேலையைச் செவ்வனே செய்தது. சில மாதங்களுக்குப் பிறகு நான் அவ்வூருக்குப் போயிருந்த சமயம், அந்த உறையை எடுத்துக்கொண்டு இருவருமாக ஒரு வயோதிகத் தோல் தொழிலாளியின் பட்டறைக்குச் சென்றோம். அவர் உறையின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அது நனைந்த அப்பளம் போல் மடிந்துகொண்டது. "அளவு சரியாகத்தான் இருந்திருக்கும், இறுக்கமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இறுக்கத்துக்குத்தானே ஐயா நீர் பணம் கொடுத்தீர்?" என்று கேட்டுவிட்டு, உறையைத் திருப்பித் தந்தார். அன்று பிற்பகல் முழுவதும் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து நான் கண்டதும் கேட்டதும், பிறகு அவற்றையொட்டித் தேடிப் படித்ததுமே இந்தக் கட்டுரையின் விஷயம்.

துப்பாக்கி உறை என்ற பொருளை நம்மில் பெரும்பாலோர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பில் கண்டிருப்போம். இல்லாவிட்டால் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த படங்களிலும், சிவகாசியிலிருந்து வரும் டெக்ஸ் வில்லர் சித்திரக் கதைகளிலும் கண்டிருப்போம். சினிமாக் கௌபாயின் உறை இடுப்பிலிருந்து இறங்கித் தொடைமீது தொங்கும். அதன் அடியை ஒரு வாரினால் தொடையோடு கட்டியிருப்பார்கள். கை அசைந்ததும் துப்பாக்கி வெளியே வந்துவிடும். வாஸ்தவத்தில் 19ஆம் நூற்றாண்டின் மாட்டுக்காரன் தன் துப்பாக்கியை இடுப்போடு ஒட்டி உயரத்திலேயே தரித்தான். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது ஆயுதம் புல்வெளியில் விழுந்துவிடக் கூடாதென்பதற்காக அவனுடைய உறை ஆழமான பைபோல் துப்பாக்கியின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. தொடையில் தொங்கும் அலங்காரம் 1950களின் ஹாலிவுட் படங்களும் டெலிவிஷன் தொடர்களும் உலகெங்கும் பரப்பிய வழக்கம். ஆர்வோ ஒஜாலா என்பவர் தோலின் அடுக்குகளுக்கிடையே எஃகுத் தகடு வைத்துத் தைத்த உறைகளைச் செய்து நடிகர்களுக்கு வேகமாகத் துப்பாக்கி எடுக்கும் வித்தையையும் கற்றுக்கொடுத்தார். 'கன்ஸ்மோக்' தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷல் மாட் டில்லனுக்கு எதிரே நின்று சுடப்பட்டு விழுகிறவர் அவரேதான். வாத்தியாரைச் சிஷ்யன் வாரந்தோறும் வீழ்த்திய அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

நிஜமான உறையின் சரித்திரத்துக்கு எல் பாஸோவே தகுந்த இடம். ரியோ கிராண்டே நதிக்கு இக்கரையில் இந்நகரமும் அக்கரையில் மெக்ஸிகோவும் இருக்க, மதுவிலக்கு அமலில் இருந்த 1920களில் அடிக்கடி சாராயக் கடத்தல்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இங்கே துப்பாக்கிச் சண்டை நடந்தது. குதிரைச் சேணம் தைப்பதில் பேர்பெற்ற ஸாம் மைரெஸ் என்பவர் ஸ்வீட்வாட்டர் என்னும் சிற்றூரிலிருந்து தம் பட்டறையை இங்கே மாற்றியிருந்தார். டாம் த்ரீபெர்ஸன்ஸ் என்ற அதிகாரி, செவ்விந்திய வமிசத்தவர் என்று அறியப்பட்டவர், தமக்கு வேண்டிய உறையை அவரிடம் செய்வித்துக்கொண்டார். தேவையற்ற தோலையெல்லாம் வெட்டி எறிந்து, கைப்பிடி முன்புறம் சாயும்படி அமைத்து, இடைவாரோடு உயரத்தில் ஒட்டி நிற்குமாறு செய்த அந்த வடிவம் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதில் விசையும் அதைச் சுற்றிய வளையமும் வெளியே தெரியும்படி விடப்பட்டிருந்தன. எடுக்கும்போதே விரல் விசைமீது விழ வேண்டுமென்பது அக்காலத்து அபிப்பிராயம். இன்று அந்த வடிவத்தைச் செய்கிறவர்களிலேயே பலர் விசையை முழுவதும் மூடித்தான் தைக்கிறார்கள். விரலும் வேறெந்தப் பொருளும் விசையை எட்டவே கூடாது என்பது இப்போதைய முதல் விதி. உறை வாங்கப் போகிறவர் கண் முதலில் போக வேண்டிய இடமும் அதுவே. பூவேலையும் நிறமும் எவ்வளவு மனோகரமாக இருந்தாலும், விசை வளையம் திறந்து கிடக்கும் உறையை மேற்கொண்டு பார்க்காமல் வைத்துவிடலாம்.

அடுத்தது தோல். இங்கேதான் நம் நாட்டு வாசகர் அமெரிக்கரைவிட எளிதில் விஷயத்தைப் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோலையும், குரோமிய உப்பில் பதனிட்ட தோலையும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவர்கள் தொட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்வார்கள். 1912இல் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்தையடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியினால் குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்கே பெயர் வந்துவிட்டது. குரோம் தோல் மிருதுவானது. வளையும், நீரை ஓரளவு தாங்கும். கைப்பைக்கும் மெத்தென்ற காலணியின் மேற்புறத்துக்கும் அதற்கு நிகரில்லை. ஆயினும் நனைத்து ஒரு வடிவத்தில் அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அதில் தங்கும் உப்புக்கள் இரும்பை அரிக்கவும் கூடும். பட்டையில் பதனிட்ட தோலோ தண்ணீரில் நனைந்ததும் களிமண்போல் இணங்கி, காய்ந்ததும் இணங்கிய வடிவிலேயே இறுகி நின்றுவிடும் சுபாவமுடையது. ஆகையால் உறைக்கு உரியது பட்டைத் தோலே. நம் ஊரில் ஆவாரை செய்த காரியத்தை அந்நாடுகளில் ஓக் மரத்தின் பட்டையும், தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ மரமும், வாட்டில் மரப்பட்டையும் செய்கின்றன. அமெரிக்க உறைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பவை 1881இல் ஸெயின்ட் லூயிஸில் தொடங்கிய ஹெர்மன் ஓக் என்னும் தோல்ஷாப்பும், பென்ஸில்வேனியாவிலுள்ள விக்கெட் அண்டு கிரெய்க் என்பதும்.

அங்கே தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்வது வழக்கம். ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. 8 அவுன்ஸ் தோல் என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 7 முதல் 9 அவுன்ஸ் வரையுள்ள மாட்டுத் தோலே உறைக்குப் பொருந்தும். அதற்கு மெல்லியதானால் இரண்டு அடுக்குகளை ஒட்டித் தைக்க வேண்டும். குதிரைத் தோல் இதைவிட மெல்லியதாக இருந்தும் கெட்டியானது. வியர்வையையும் நன்றாகத் தாங்கும். மிருகத்தின் எந்தப் பாகத்துத் தோல் என்பதும் கவனிக்கத்தக்கது. முதுகும் பிட்டமும் நெருக்கமான நார் கொண்டவை. வயிற்றுத் தோல் தொளதொளத்து, இழுத்த பக்கமெல்லாம் வரும். மலிவான உறையில் வயிற்றுத் தோல்தான் பளபளப்பான சாயம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டது கடையிலேயே சுகமாக இருக்கும், துப்பாக்கி வழுக்கிக்கொண்டு போகும், வரும். வாங்குகிறவரும் இதுவல்லவோ உறை என்று மகிழ்ந்து போவார். ஆறு மாதத்தில் அது பழந்துணியாகிவிடும்.

அந்தப் பட்டறையில் நான் பார்த்த வேலைகளுக்குள் மனத்தில் அழுந்திப் பதிந்தது உறைக்கு வடிவம் கொடுக்கும் வேலை. வெட்டித் தைத்து, ஓரம் தேய்த்து வைத்திருந்த உறையை அவர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில விநாடிகள் அமிழ்த்தி எடுத்தார். அதன் வெளிர்ந்த மேனி ஈர மண்ணின் நிறத்துக்கு மாறியது. நிஜத் துப்பாக்கியின் அச்சாக, சுட முடியாதபடி நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு பொம்மையை அதற்குள் செருகி, இரு கட்டைவிரல்களாலும் தோலைத் தடவித் தடவி உள்ளே இருக்கும் பொருளின் உருவம் வெளியே எழும்படி செய்தார். பிறகு முனை மழுங்கிய ஓர் எலும்புத் துண்டை எடுத்து விசை வளையத்தின் விளிம்பு, குழலின் மேல் ஓரம், சுட்டபின் வெற்றுத் தோட்டா வெளியேறும் ஜன்னல் ஆகிய இடங்களில் கோடு கோடாக அழுத்தினார். சிற்பி கண் திறப்பதுபோல் இருந்தது என்று சொன்னால் மிகையாகும். எங்கள் ஊர்ப் பாட்டி சோமாசியின் ஓரத்தை மடித்து மடித்து அழுத்துவதுபோல் இருந்தது என்பதே சரி. அந்த அச்சை அவர் உருவிவிட்டு, உறையை நிழலில் தொங்கவிட்டார். மறுநாள் போய்த் தட்டிப் பார்த்தேன். பலகையைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. விசை வளையத்தைச் சுற்றி அந்த எலும்பு போட்ட பள்ளமே துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கிறது. வேறு வாரோ பொத்தானோ இல்லாமல், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கச் செய்வது அது.

இந்தப் பள்ளத்தைத்தான் என் தம்பி எண்ணெய் விட்டு அழித்துவிட்டான்.

உறை தேர்ந்தெடுக்கிறவர் பார்க்க வேண்டிய மற்ற அம்சங்களில் வாய் முக்கியமானது. இடைவாருக்கும் உடம்புக்கும் நடுவே கால்சட்டைக்குள் தரிக்கும் உறையில், துப்பாக்கியை எடுத்தவுடன் வாய் வயிற்றின் அழுத்தத்தால் மூடிக்கொள்ளும். மறுபடி வைக்கும்போது இன்னொரு கையால் பிரிக்கவேண்டி வந்தால், அந்தக் கையின் விரல் குழலுக்கு எதிரே போகும். கலிபோர்னியாவில் மாறுவேஷத்தில் போதைப்பொருள் வழக்குகளைத் துப்பறிந்துவந்த புரூஸ் நெல்ஸன் என்னும் அதிகாரி இந்த அவஸ்தையை அநுபவித்தே ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார். அதன் வாயைச் சுற்றி விறைப்பான ஒரு பட்டை உண்டு. தோலின் சொரசொரப்பான உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தைத்திருப்பதால் உடையைப் பற்றிக்கொண்டு நழுவாமல் நிற்கும். ஐடாஹோவில் மில்ட் ஸ்பார்க்ஸ் என்பவர் அதைச் செய்து 'ஸம்மர் ஸ்பெஷல்' என்ற பெயரில் பிரசித்தமாக்கினார்.

தையலைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஊசிகளால் எதிரும் புதிருமாகக் கோத்துத் தைத்தால் ஓர் இழை அறுந்தாலும் மற்றது தாங்கும். மெஷின் தையலும் நன்றாகப் போட்டால் குற்றமில்லை. இடைவாரை மட்டும் அலட்சியப்படுத்தலாகாது. 1911 மாதிரிப் பிஸ்டல் தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதைச் சாதாரணப் பெல்ட்டில் மாட்டினால் உறை எவ்வளவு உயர்ந்ததானாலும் வெளிப்புறமாகச் சாய்ந்து தொங்கும். ஒன்றரை அங்குல அகலமும் இரட்டை அடுக்கும் உள்ள பெல்ட் வேண்டும். அதன் அகலம் உறையின் துவாரங்களுக்குள் ஆடாமல் அடைபட வேண்டும். இடைவாரின் விஷயத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1858இல் இங்கே நடந்த சண்டையில் இடக்கையை இழந்த ஸாம் பிரௌன் என்னும் ஆங்கில ராணுவ அதிகாரி, ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாகத் தோள்வாரோடு கூடிய இடைக்கச்சை ஒன்றை அமைத்துக்கொண்டார். நம் போலீஸ் அதிகாரிகள் அணிவகுப்புக்களில் தரிக்கும் அந்தக் கச்சை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இனிப் பழக்கும் முறை. அந்த முதியவர் சொன்னது இதுதான். நல்ல தொழிலாளர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்கிறார்கள். முதலில் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். தோட்டாக் கூட்டைக் கழற்றி, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துக் குழலின் அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதன்பின் துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றில், சாயங்காலம் கடையில் பக்கோடா கட்டிக் கொடுக்கும் பையைப் போன்ற ஒன்றில், சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்றி, உறைக்குள் நிதானமாக அழுத்திச் செருக வேண்டும். பை வழுக்கிக் கொடுக்கும். அதன் கனம் தோலுக்கு மயிரிழை அளவு இடம் பண்ணும். அப்படியே ஓர் இரவு விட்டுவிட வேண்டும். காலையில் பையைக் கழற்றிவிட்டுச் செருகிப் பார்த்தால், நேற்றுப் பிடிவாதம் பிடித்தது இன்று கொஞ்சம் இறங்கி வந்திருக்கும். இன்னும் இறுக்கமானால் மறு இரவும் அப்படியே. அதற்கும் மசியாவிட்டால் பையை இரண்டு சுற்றாகச் சுற்றி ஒருநாள் வைக்கலாம். இதற்குமேல் செய்யத் தக்கது காலித் துப்பாக்கியைக் கொண்டு ஐம்பது அறுபது முறை எடுத்து வைத்துப் பழகுவதுதான்.

எடுக்கும் விதத்திலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. உறை முன்னோக்கிச் சாய்ந்திருந்தால், சாதாரணமாகப் பதினைந்து டிகிரி அளவில் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வின் வழியே நேராக இழுக்க வேண்டும். புதியவர்கள் செங்குத்தாகத் தூக்கிவிட்டு, குழல் தோலில் மாட்டிக்கொண்டதும் இறுக்கத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். என் தம்பியின் முதல் உறை நிரபராதியாகத் தண்டிக்கப்பட்டது பாதி இதனாலேயே என்று பிற்பாடு தெரியவந்தது. தவிர, உறையை இடுப்பில் மாட்டிக்கொண்டு சில நாள் நடமாட வேண்டும். உடம்பின் சூட்டிலும் அழுத்தத்திலும் அதன் பின்புறம் இடுப்பின் வளைவைக் கற்றுக்கொள்ளும். இரண்டு வாரமாகலாம். அதற்குள் துப்பாக்கி வெளிவரும்போது ஆரம்பத்தில் பிடித்து, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும் ஒரு பக்குவம் வந்துவிடும்.

வெயிலில் காயவைப்பதும், அடுப்பருகில் வைப்பதும், மோட்டார் வண்டியின் கண்ணாடிக்கடியில் போட்டுவிட்டுப் போவதும் உறைக்குச் செய்யும் துரோகம். மழையில் நனைந்தால் ஈரத்தைத் துடைத்து, சாதாரண அறைச் சூட்டில் உலரவிட்டால் போதும். மாட்டுக் குளம்பெண்ணெய் என்று அந்நாட்டில் விற்பது பழைய சேணங்களுக்கு அமிர்தம். உறைக்கு அதுவும் தேங்காய் எண்ணெயும் ஒன்றுதான். நிறமில்லாத மெழுகுப் பாலிஷை வெளிப்புறத்தில் எப்போதாவது இலேசாகத் தடவலாம். உறைக்குள்ளேயே துப்பாக்கியை நெடுநாள் வைத்திருப்பதும் கூடாது. பட்டைத் தோல் புளிப்புத் தன்மையுள்ளது, காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது; எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். தோல்வாரில் நாட்கணக்காகச் செருகிவைத்த பித்தளைத் தோட்டாக்களின்மேல், விளக்காத குத்துவிளக்கின் இடுக்கில் படிவதுபோன்ற பச்சைக் களிம்பு படிந்திருப்பதை அந்தப் பட்டறையிலேயே கண்டேன்.

இத்தனை தொந்தரவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதும் நியாயமே. ஆகாய விமானங்களின் உட்புறத்துக்காக 1960களில் வந்த கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அழுத்திச் செய்யும் உறை, வாங்கிய அன்றே பழகியதாக இருக்கிறது, மழைக்கு அஞ்சுவதில்லை. அமெரிக்க ராணுவமே 1980களின் நடுவில் பெரெட்டாப் பிஸ்டலுக்கு மாறியபோது, நெடுங்காலம் வழங்கிவந்த மூடி வைத்த தோல் உறையை விட்டு, ஜான் பியாங்கியின் கம்பெனி செய்த நைலான் உறைக்குப் போய்விட்டது. நாள் முழுவதும் உடம்போடு ஒட்டித் தரிக்கிறவர்கள் மட்டும், ஓசைப்படாமலும் உறுத்தாமலும் இருப்பதற்காகத் தோலையே இன்னும் விரும்புகிறார்கள்.

எவ்வளவு பேணினாலும் தோல் உறைக்கும் ஆயுள் உண்டு. வருஷக்கணக்கில் உழைத்த உறையின் வாய் ஓரம் தளர்ந்து, ஒரு நாள் உட்புறமாக மடியும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசை வளையத்துக்குள் விரல்போல நுழைந்து விசையை அழுத்திவிடும். இவ்விதம் தம் தொடையிலேயே குண்டு பாய்ந்து காயமுற்றவர்கள் உண்டு. ஆகவே கட்டைவிரலால் அழுத்தினால் வாய் மடிகிற உறையை, அது எவ்வளவு ஆசையாக வாங்கியதானாலும், கழித்துவிட வேண்டியதே. அந்த முதியவர் எங்கள் எதிரே செய்த முதல் காரியம் அந்தப் பரீட்சைதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

தம்பி அவரிடமே வேறோர் உறைக்குச் சொல்லிவைத்தான். மறுபடி நான் போனபோது அது வந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது. இரவில் துப்பாக்கியை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறான். உறை வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் காலியாகத் தொங்குகிறது, விசை வளையத்தின் பள்ளம் சிறிதும் மழுங்காமல். அதன் நேர் கீழே, மிச்சமிருந்த தேங்காய் எண்ணெயையெல்லாம் குடித்துக் கறுத்துப்போன அவனுடைய கோலாப்பூர்ச் செருப்பு கிடந்தது.